கோடு போடாத இடம்

முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் ஃபைலில் ஒரு சான்றிதழ் இருக்கும். இ-சேவை மையத்தில் பதிந்து, விஏஓ பார்த்து, ஆர்ஐ பார்த்து, தாலுகா ஆபீஸ் ஒப்புதலோடு வந்த காகிதம். ‘முதல் பட்டதாரி’ என்று அதற்குப் பெயர். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2010இல் கொண்டுவந்தது. உங்கள் வீட்டில் உங்களுக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று அது சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. யார் படிப்பு நின்றதால் உங்கள் படிப்பு நடந்தது, எந்த நகை எத்தனை தடவை அடகுக்குப் போய்த் திரும்பியது என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் ஏறாது.

நான் படித்த காலத்தில் அந்தச் சான்றிதழ் கிடையாது. இருந்திருந்தால் நானும் வரிசையில் நின்று வாங்கியிருப்பேன். எனக்குச் சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். 1985இல் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். 1987இல் பரீட்சை எழுதி ஒரு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தேன். 2024இல் எழுத்தராகவே ஓய்வு பெற்றேன். ஏன் கடைசிவரை எழுத்தர் என்ற கதை பின்னால் வரும். கடைசிப் பதினைந்து வருடமும் கல்விக் கடன் கோப்புகள் என் மேஜையைத் தாண்டித்தான் மேனேஜர் அறைக்குப் போயின. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் சொல்ல வாயெடுத்து, பின்னால் நிற்கிற வரிசையைப் பார்த்து விழுங்கியது நிறைய. இப்போது வரிசை இல்லை. சாவகாசமாக எழுதுகிறேன்.

படிப்பு முடிந்த கையோடு முடிவுகள் அடுக்கடுக்காக வந்து நிற்கும். எந்த வேலை, எந்த ஊர், சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு, கல்யாணம் எப்போது, யாரோடு. ஒவ்வொன்றுக்கும் மாமா முதல் மளிகைக்கடை அண்ணாச்சி வரைக்கும் யோசனை சொல்வார்கள். உங்களுக்கு எது பெரிது என்று உங்களுக்கே தெரியாவிட்டால், கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதே உங்கள் முடிவாகிவிடும். “அதெல்லாம் செட்டில் ஆனப்புறம் யோசிச்சுக்கலாம் சார்” என்று என்னிடம் சொன்ன பிள்ளைகள் உண்டு. சரி, செட்டில் ஆவதற்கே பத்து முடிவு எடுக்க வேண்டுமே, அவற்றை எதை வைத்து எடுப்பீர்கள்?

‘விழுமியங்கள்’ என்று புத்தகத்தில் போடுவார்கள். எங்களுக்கு அது ‘வேல்யூஸ்’ என்ற பெயரில்தான் அறிமுகம். சென்னையில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. கோட் போட்ட நிபுணர் ஒருவர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் நல்ல நல்ல வார்த்தையாக அச்சடித்திருந்தது. “உங்களுக்கு முக்கியமான ஐந்துக்கு டிக் அடியுங்கள்” என்றார். அடித்தோம். எடுத்துப் பார்த்தால் எல்லார் தாளிலும் நேர்மை, குடும்பம், உழைப்பு. நிபுணருக்குப் பரம சந்தோஷம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், நேர்மைக்கு டிக் அடித்தவர்களில் நான்கு பேர் சாயங்காலத்துக்கும் சேர்த்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டு மெரினா பார்க்கப் போய்விட்டோம். ஆமாம், போய்விட்டோம். நானும்தான்.

ரொம்ப நாள் கழித்து, அந்த மாதிரித் தாள்களுக்கெல்லாம் மூலம் எது என்று தேடிப் படித்தேன். மில்டன் ரோக்கீச் என்ற உளவியல் அறிஞர் 1973இல் மனித விழுமியங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அவருடைய முறையில் இரண்டு பட்டியல், ஒவ்வொன்றிலும் 18 சொற்கள். ஒன்றில் வாழ்க்கையில் எட்ட விரும்புகிறவை: சுதந்திரம், குடும்பப் பாதுகாப்பு, சுயமரியாதை, சௌகரியமான வாழ்க்கை என்று. இன்னொன்றில் நடந்துகொள்ளும் விதம்: நேர்மை, துணிச்சல், கீழ்ப்படிதல் என்று. அவர் யாரையும் டிக் அடிக்கச் சொல்லவில்லை. ஒன்று முதல் பதினெட்டு வரை வரிசைப்படுத்தச் சொன்னார். அதில்தான் சூட்சுமம். பதினெட்டும் நல்லவைதான், ஒன்றை மேலே ஏற்றினால் இன்னொன்று கீழே இறங்கியாக வேண்டும். வாழ்க்கையில் முழி பிதுங்குவதும் அங்கேதான். கெட்டதும் நல்லதும் எதிரெதிரே நின்றால் முடிவெடுக்க யாருக்கும் சிரமமில்லை. சுதந்திரமும் குடும்பமும் எதிரெதிரே நிற்கும்போதுதான் ராத்திரி தூக்கம் போகிறது.

ஆனால் வரிசைப்படுத்த உட்கார்ந்தாலும் நாம் நம்மையே ஏமாற்றுவோம். கேட்க நன்றாக இருப்பதை மேலே எழுதுவோம். அதனால் உங்களை ஒரு சுவரைப் பார்க்கச் சொல்கிறேன்.

என் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடன் கணக்கெல்லாம் அடுப்படிச் சுவரில் கரிக்கோடு. ஆளுக்கு ஒரு படம்: பெரிய மீசைக்காரருக்கு ஒரு மீசை, சைக்கிளில் வருகிறவருக்கு இரண்டு வட்டம், வெற்றிலை போடும் கிழவிக்கு ஒரு இலை. படத்துக்குப் பக்கத்தில் சாப்பிட்ட வேளைக்கு ஒரு கோடு. சனிக்கிழமை ஆபீஸில் சம்பளம் போட்டதும் காசு வாங்கிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். ஒரு கோடு தப்பாது. “நாலு நாள்தான் சாப்பிட்டேன்” என்று யாராவது இழுத்தால், என்றைக்கு என்ன சட்னி வைத்தாள் என்பது வரைக்கும் சொல்லி வாங்கிவிடுவாள். தாராள மனசுக்காரி என்று அவளை யாரும் சொன்னதில்லை.

அந்தச் சுவரின் ஓரத்தில் ஒரு கம்பு மட்டும் வரைந்திருக்கும். பக்கத்தில் ஒரு கோடுகூட இருக்காது. அது ஆபீஸில் முன்பு வாட்ச்மேனாக இருந்த தாத்தா. கண் மங்கியதும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தினமும் காலையில் கம்பைத் தட்டிக்கொண்டு வந்து மூன்று இட்லி சாப்பிடுவார். “எழுதிக்க தாயி” என்பார். அம்மாவும் கரியை எடுத்துச் சுவரில் உரசுகிற மாதிரிச் சத்தம் கொடுப்பாள். கோடு விழாது. எனக்குப் பத்து வயசு இருக்கும். கேட்டேன், “ஏம்மா, தாத்தாவுக்கு மட்டும் கோடு போட மாட்டேங்குற?”

“போட்டா கேக்கணும். கேட்டா வர மாட்டாரு. வரலைன்னா எங்கடா சாப்பிடுவாரு?”

“அப்ப படம் எதுக்கு?”

“அவரு பேரும் செவுத்துல இருக்கணும்ல.”

ஒரு மனுஷிக்கு எது பெரிது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை. கறாராகக் கணக்குப் பார்க்கிற ஒருத்தி எந்த இடத்தில் கோடு போடவில்லை என்று பாருங்கள். பசித்தவன் சாப்பிட வேண்டும் என்பது பாதிதான். சாப்பிடுகிறவன் தலை குனியாமல் சாப்பிட வேண்டும் என்பது மீதி. மேலே சொன்ன தாளை அவளிடம் கொடுத்திருந்தால் ஒரு வார்த்தைகூட வாசித்திருக்க மாட்டாள்.

உங்களுக்கும் அப்படி ஒரு சுவர் இருக்கிறது. அதுதான் முதல் அடையாளம். ஜிபேயில் கடந்த மூன்று மாதப் பரிவர்த்தனையை ஒரு தடவை நிதானமாக உருட்டிப் பாருங்கள். எந்தச் செலவு செய்யும்போது கை நடுங்கவில்லை? எந்த வேலையை யாரும் கேட்காமலே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தீர்கள்? யாருக்காக இரண்டு பஸ் மாறிப் போனீர்கள்? ‘ரீல்ஸ் பார்க்கிற நேரத்தையும்தான் நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை’ என்று உங்களில் வாய்த்துடுக்கு உள்ளவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அம்மா கோடு போட மறந்துவிடவில்லை. படத்தை வரைந்து வைத்துக்கொண்டே கோட்டை விட்டாள். தெரிந்து விட்டது வேறு, தெரியாமல் போனது வேறு. கைபேசியில் போன மூன்று மணி நேரத்துக்குச் சுவரில் படமே இல்லை.

இரண்டாவது அடையாளம் வெட்கம். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மடலை முடித்தால் மற்றதெல்லாம் பொய்.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிட நாலு வயசு மூப்பு. நாலாம் வகுப்போடு நிறுத்தி, தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் விடிவதற்குள் ஊருக்குள் வேன் வரும். தூங்கி வழிகிற பிள்ளைகளை எழுப்பி ஏற்றிவிடுவார்கள். அவள் கட்டை அடுக்கிய காசில்தான் எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை. நான் வங்கியில் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். ஒருநாள் அக்கா சேமிப்புக் கணக்கு தொடங்க வந்தாள். விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. பக்கத்து சீட்காரர், “யாரு, தெரிஞ்சவங்களா?” என்றார். “ஊர்க்காரங்க” என்றேன்.

அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. படிவத்தை என் முன்னால் வைத்து, “சார், இதுல எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டாள். சார் என்றாள். நான் காட்டினேன். போட்டாள். போய்விட்டாள்.

அன்றைக்கு எனக்கு இரண்டு விதமான வெட்கம் வந்தது. அவள் விரலைப் பார்த்து வந்தது முதல் வெட்கம். அது அடுத்தவர் கண்ணுக்குப் பயந்த வெட்கம். ‘சார்’ என்று கேட்டதும் வந்தது இரண்டாவது. அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. பக்கத்து சீட்காரர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். ஆனாலும் வயிற்றுக்குள் எரிந்தது. முதல் வெட்கம் ஊர் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவது நம்முடையது. எது உங்களுக்குப் பெரிது என்று தெரிய வேண்டுமா, யாருமே பார்க்காத இடத்தில் எது எரிந்தது என்று நினைத்துப் பாருங்கள். அங்கே நீங்கள் மிதித்த ஒன்று கிடக்கும். அதுதான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அக்கா சொன்னாள்: “உன்னையப் படிக்க வெச்சது நீ எனக்குத் திருப்பிக் குடுக்கணும்னு இல்லடா. யாராச்சும் கேட்டா அக்கான்னு சொல்லணும். அவ்வளவுதான்.” அதற்குப் பிறகு வங்கியில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். சலான் நிரப்பத் தெரியாமல் நிற்கிறவர்களை “வெளியே யாரிடமாவது எழுதிட்டு வாங்க” என்று அனுப்பியதில்லை. உட்காரவைத்து, பேர் கேட்டு, நானே எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டர் மெதுவாகப் போகிறது என்று திட்டு வாங்கியிருக்கிறேன். முப்பத்தேழு வருடத்தில் நான் செய்த வேலையில் எனக்கு மனசு நிறைந்தது அதுதான். உத்தியோக விவரத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மூன்றாவது, ஏமாற்றுக்காரன் ஒருவன் இருக்கிறான். அவனை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். அவன் பெயர் பயம். வேஷம் கட்டுவதில் கெட்டிக்காரன். எனக்கு இரண்டு தடவை அதிகாரிப் பதவி உயர்வு வந்தது. ஏற்றுக்கொண்டால் வெளியூர் மாற்றம் நிச்சயம். முதல் தடவை 1998இல். அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தாள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை 2004இல். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. “பிள்ளைங்க படிப்பு” என்று சொல்லி மறுத்தேன். உண்மையில் பிள்ளைகள் எந்த ஊரிலும் படித்திருப்பார்கள். அதிகாரியானால் லட்சக்கணக்கில் கடனுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும், கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். நடுங்கிப்போனேன். அந்த நடுக்கத்துக்குக் குடும்பப் பாசம் என்று பேர் வைத்தேன்.

இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரிந்தது என்றால், முதல் தடவை மறுத்தபோது நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் தூங்கினேன். இரண்டாவது தடவை, கேட்காதவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு முடிவுக்கு நீங்கள் திரும்பத் திரும்ப விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தால், அதை ஒருமுறை திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடியில் பயம் உட்கார்ந்திருக்கலாம்.

இவ்வளவு சொன்னதும், பணத்தை விட்டுவிட்டு மனசு சொல்வதைக் கேள் என்று உபதேசம் வரப்போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் அரிசி இருக்கிறவர்கள் எழுதிய உபதேசம் அது. ஒரு பையன், அப்பா லோடுமேன், என் மேஜை வழியாகத்தான் கடன் வாங்கிப் பொறியியல் படித்தான். முடித்ததும் இரண்டு ஆஃபர் லெட்டரோடு வந்தான். மதுரையில் மாதம் 18,000, பிடித்த வேலை. பெங்களூரில் 42,000, ராத்திரி ஷிஃப்ட். “பணத்துக்காகப் போறேனோன்னு ஒரு மாதிரியா இருக்கு சார்” என்றான்.

“அப்பா இப்ப என்ன பண்றார்?”

“இன்னும் மூட்டைதான் சார். இடுப்புல பெல்ட் கட்டிக்கிட்டுப் போறார்.”

“அவர் எப்ப நிறுத்தணும்னு நினைக்கிற?”

“இன்னிக்கே.”

பேசி முடிந்துவிட்டது. அவன் பெங்களூர் போனான். அப்பாவின் முதுகு என்பது ஒரு விழுமியம். 42,000 அதற்குப் போகிற பாதை. மூன்று வருடம் என்று தனக்கே ஒரு கெடு வைத்துக்கொண்டு போனான். கெடு வைத்ததால்தான் பாதை வீடாகிவிடவில்லை.

இன்னொரு பெண், கணிதப் பட்டதாரி. பக்கத்திலேயே பி.எட். சேரச் சொன்னார்கள் வீட்டில். அவள் ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலைக்குக் கிளம்பினாள். படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை, சம்பளமும் பிரமாதம் இல்லை. ஏனம்மா என்றேன். “ஒன்பது பேர் இருக்கிற வீடு சார். எனக்குன்னு ஒரு சாவி வேணும்” என்றாள். ஊர் அதை அடம் என்றது. எனக்கு அது சாவியாகவே பட்டது. அதே ஓசூர் வேலைக்கு வேறொரு பெண் தங்கையின் கல்யாணச் செலவுக்காகப் போயிருப்பாள். வேலை ஒன்றுதான், ஆனால் இருவர் எடுத்ததும் ஒரே முடிவல்ல. அதனால் அடுத்தவரின் முடிவைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள். பரீட்சைப் பேப்பரே வேறு.

அரசு வேலைக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குரூப் 4க்கு மூன்றாவது தடவை எழுதுகிற தம்பி ஒருவரிடம் சும்மா கேட்டேன். அரசு வேலை எதற்கு? “பாதுகாப்பு.” பாதுகாப்பு எதற்கு? “மாசக் கடைசியில அப்பா அடுத்தவன்ட்ட கை நீட்டுறதப் பார்த்து வளர்ந்தேன். நான் நீட்டக் கூடாது.” அப்படியானால் அவருக்குப் பெரிது சுயமரியாதை. அதற்கு அரசு வேலை நல்ல வழி, ஒரே வழியா? ‘எதற்கு’ என்று இரண்டு மூன்று முறை இறங்கிக் கேட்டால் இலக்குக்கு அடியில் விழுமியம் தட்டுப்படும். இலக்கு கைநழுவிப் போனாலும் அடியில் உள்ளது போகாது.

இதற்கு எங்கள் கரிசல் மண்ணிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமி, விவசாயி மகன். சொந்தத்தில் மூன்று பெண்கள் பிரசவத்தோடு இறந்துபோனதைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று நினைத்தார். 1944இல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் முடித்து ராணுவ மருத்துவப் பிரிவுக்குப் போனார். அங்கே முடக்குவாதம் பிடித்து, கை விரல்களெல்லாம் கோணிப்போய், 1948இல் வெளியே வந்தார். மகப்பேறு என்ற கதவு மூடிவிட்டது. பேனா பிடிக்கவே சிரமப்பட்ட அந்த விரல்களைப் பழக்கி, கண் மருத்துவம் படித்து, கண்புரை அறுவை செய்தார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். குடும்பத்தில் நகையும் வீடும் அடமானத்துக்குப் போயின. காசு கொடுக்க முடிந்தவர் கொடுக்க, முடியாதவருக்கு இலவசமாக, இருவருக்கும் ஒரே சிகிச்சை என்று அந்த மருத்துவமனை வளர்ந்தது. 2006இல் அவர் மறைந்தார்.

அவர் ஆசைப்பட்ட துறை நடக்கவே இல்லை. ஆனால் ‘தடுக்கக்கூடிய ஒன்றால் ஏழை அழியக் கூடாது’ என்று எது அவரை உறுத்தியதோ அது கருவறையிலிருந்து கண்ணுக்கு இடம் மாறியது. அவ்வளவுதான் நடந்தது. நீட்டில் தவறியவர்கள், கேட்ட பிரிவு கிடைக்காதவர்கள் இதை இன்னொரு தடவை வாசியுங்கள்.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனையும் சொல்ல வேண்டும். நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்து, கல்லூரி வரை படித்து முடித்தவர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண்ணுக்கு ஆசிரியர் வேலையே எவ்வளவு பெரிய ஏற்றம்! அவரோ, நிலம் உள்ளவர்களிடம் கேட்டு வாங்கி நிலமற்றவர்களுக்குக் கொடுக்கும் பூதான இயக்கத்தில் இறங்கி நடந்தார். 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, கணவரோடு கீழத்தஞ்சைக்கே போய்த் தங்கினார். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் பதிய வைத்தார். பட்டம் அவரை அவர் பிறந்த மக்களிடமிருந்து மேலே தூக்கிக்கொண்டு போகவில்லை. அவர்கள் இருந்த இடத்துக்கே திரும்ப அழைத்துப் போனது. எல்லாரும் அப்படிப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. படிப்பு நம்மை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம் என்கிறேன்.

இனி வங்கிக்காரனாக ஒரு கணக்கு. கல்விக் கடனில் படிப்பு முடிந்தபின் பொதுவாக ஓராண்டு வரை தவணை கேட்க மாட்டோம். அந்த ஓராண்டை எல்லாரும் வேலை தேட என்று நினைக்கிறார்கள். யோசிக்கவும் அதுதான் நேரம். 4 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 5,286 ரூபாய். அதை யாரும் தாங்கலாம். முதல் சம்பளத்திலேயே பைக்குக்கு ஒரு தவணை, போனுக்கு ஒரு தவணை, அடுத்த வருடம் சொந்தக்காரர்கள் வாயை மூட ஒரு மனைக்கடன் என்று ஏறும்போதுதான் கழுத்து நெரிகிறது. பிடிக்காத வேலையை விட முடியாமல் என் முன்னால் உட்கார்ந்து அழுத முப்பது வயசுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாழ்க்கையில் முடிவெடுத்துக்கொண்டிருந்தது அவர்கள் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி கணக்கில் கை வைக்கிற தவணைதான். எது பெரிது என்று தவணைக்கு முன்னால் தெரிந்துகொண்டால், எந்தத் தவணைக்குக் கையெழுத்துப் போடலாம் என்பதும் தெரியும்.

கடைசியாக, வீடு. நமக்குச் சிக்கல் அங்கேதான். எனக்குப் பெரிதாகத் தெரிவது அப்பாவுக்குச் சின்னதாகத் தெரியும். சண்டை போடுவதற்கு முன்னால் அவர் பிடிவாதத்துக்கு அடியிலும் ‘எதற்கு’ என்று இறங்கிப் பாருங்கள். “வெளியூர் வேலை வேண்டாம்” என்கிற அப்பாவுக்கு, மகளை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பது பெரிதாக இருக்கலாம். அப்படியானால் தங்குமிடத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது பத்து வாதத்துக்குச் சமம். அவருக்கு ஜாதிதான் பெரிது என்று தெரிய வந்தால் அது வேறு பேச்சு. பாசத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்பதற்காக எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. அம்மாவிடமிருந்து நான் அந்தக் கம்புப் படத்தை எடுத்துக்கொண்டேன். அதே அம்மா, தாத்தாவுக்கு எந்தத் தட்டில் இட்லி வைப்பது, வேறொரு தெருக்காரருக்கு எதில் வைப்பது என்று பிரித்து வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றவர்களிடமிருந்து வாங்கிக்கொள்வதிலும் பொறுக்கி எடுப்பது உண்டு. அது துரோகம் இல்லை.

2005இல், அம்மா கடை வைத்திருந்த பழைய வீட்டைப் பூசினோம். அடுப்படிச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த கொத்தனார் கூப்பிட்டார். வருடா வருடம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்த இடத்தில் ஒரு நேர்கோடு தெரிந்தது. மற்ற படமெல்லாம் கரியில் போட்டது, எப்போதோ அழிந்துவிட்டது. தாத்தாவின் கம்பை மட்டும் அம்மா ஆணியால் கீறியிருக்கிறாள். துடைக்க வேண்டிய தேவையே வராது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். “தாத்தா செத்த அன்னிக்கு அம்மா கடை தொறக்கல. ஒனக்குத் தெரியாது, நீ காலேஜ்ல இருந்த” என்றாள்.

எனக்குத் தெரியாதுதான். கடை மூடி நான் பார்த்ததே இல்லை. தாத்தாவுக்கு ஒருநாள் வியாபாரத்தையும் கோடு போடாமல் விட்டிருக்கிறாள்.

“பூசிரவா சார்?” என்றார் கொத்தனார். நான் அக்காவைப் பார்த்தேன். “பூசுங்கண்ணே” என்றாள் அவள்.

உங்கள் வீட்டுச் சுவரையும் பூசுவதற்கு முன்னால் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முந்தைய ஒரு முதல் பட்டதாரி

பி.கு.: பழைய வேலைப் பழக்கம் போகவில்லை. கல்விக் கடன் வாங்கியவர்கள், முடிந்தால் படிக்கும் காலத்திலும் அந்த ஓராண்டிலும் வட்டியையாவது கட்டிவிடுங்கள். பிறகு தவணையின் பாரம் குறையும். கட்டினால் வட்டியில் சலுகை உண்டா என்று உங்கள் கிளையில் கேளுங்கள். கவுன்ட்டரில் யாராவது உங்கள் அம்மாவையோ அக்காவையோ காட்டி “யார் இவங்க?” என்று கேட்டால், சத்தமாகச் சொல்லுங்கள்.